தெருவில் நிற்கும் வண்டிக்கு யார் பொறுப்பு?

காலை ஆறு மணி ஷிப்டுக்குப் புறப்படும் ஒருவர் வாசலுக்கு வந்து பார்க்கிறார். முந்தின இரவு சுவரோரமாக ஸ்டாண்டு போட்டு, பூட்டி நிறுத்திய மோட்டார் சைக்கிள் தரையில் சாய்ந்து கிடக்கிறது. முன்விளக்கு நொறுங்கியிருக்கிறது, கிளச் லீவர் ஒடிந்திருக்கிறது, பெட்ரோல் டாங்கியில் ஒரு பள்ளம். மோதியது தண்ணீர் லாரியா, காய்கறி ஏற்றி வந்த டிராலி ஆட்டோவா, நள்ளிரவில் விருந்து முடிந்து திரும்பியவரின் காரா என்பது யாருக்கும் தெரியாது. 'ராத்திரி டமால் என்று ஏதோ சத்தம் கேட்டது' என்கிறார் எதிர்வீட்டு அம்மாள். அத்துடன் விசாரணை முடிந்தது. வண்டிக்காரர் உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, ஆட்டோ பிடித்து வேலைக்குப் போகிறார்.

ஹைதராபாத், செகந்திராபாத் இரட்டை நகரங்களில் இது புதிய சங்கதி அல்ல. மாரேட்பள்ளியானாலும், மெட்டுகூடாவானாலும், பத்மாராவ் நகரானாலும், மல்காஜ்கிரியானாலும், பழைய வீடுகளில் வண்டி நிறுத்த இடம் கிடையாது. வீடு கட்டியவர்கள் சைக்கிள் நிறுத்தத் திண்ணையோரம் போதும் என்று நினைத்த காலம் அது. இன்று ஒரே வாசலில் மூன்று குடித்தனங்கள், நான்கு வண்டிகள். ஆகவே தெருவே வண்டிக் கொட்டகை என்றாகிவிட்டது. ஏ.பி. என்றும், டி.எஸ். என்றும், 2024 மார்ச் முதல் டி.ஜி. என்றும் எண் தாங்கிய வண்டிகளுக்கு நடுவே, ஊரிலிருந்து கொண்டுவந்த டி.என். வண்டிகளும் வரிசையாக நிற்பதைக் காணலாம். மாதாப்பூர், கச்சிபௌலிப் பக்கம் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் நம் பிள்ளைகளின் வண்டிகள் பலவும் தெருவில்தான் இரவைக் கழிக்கின்றன.

இந்தச் சேதம் பத்திரிகைச் செய்தியாக வருவதில்லை. உயிர்ச்சேதம் இல்லை, ரத்தக் காயம் இல்லை, கூட்டம் கூடவில்லை. ஆனால் அந்த வண்டியை நம்பி இருப்பது ஒரு குடும்பம். பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், மனைவியை பஸ் நிறுத்தத்தில் இறக்குவதும், ஆபீசுக்கு நேரத்தோடு போய்ச் சேருவதும் அதன் முதுகில்தான். வாங்கிய கடனுக்கு மாதத் தவணை கட்டி முடியாத வண்டிகளே அதிகம். வீடு வீடாகப் பொருள் கொண்டு கொடுக்கும் இளைஞனுக்கு வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை. யாரோ செய்த தவறுக்கு இவன் தண்டம் அழுகிறான். இதை 'சின்ன விஷயம்' என்று ஒதுக்கிவிடும் வழக்கம் சரியானதுதானா என்பதே கேள்வி.

கூர்ந்து பார்த்தால், இங்கே குறைவது சட்டம் அல்ல. ஒரு துண்டுக் காகிதம்தான். 'இன்ன நாள், இன்ன இடத்தில், இன்ன சேதம் நேர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒரு சீட்டை இடித்தவரும் கொடுப்பதில்லை, போலீஸ் நிலையத்திலும் எளிதில் கிடைப்பதில்லை. அந்தச் சீட்டு இல்லாததனால் நஷ்டம் அனாதையாகிவிடுகிறது.

ரயிலில் உள்ள முறை

இதே மோட்டார் சைக்கிளை ரயிலில் அனுப்பும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். பார்சல் ஆபீசில் பெட்ரோலை வடித்துவிட்டு, சாக்குச் சுற்றி, பெயரும் ஊரும் எழுதிய அட்டை கட்டி ஒப்படைத்தால் ரசீது கிடைக்கிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் வண்டி நசுங்கியிருந்தால், பெறுகிறவர் 'திறந்து பார்த்துக் கொடுங்கள்' என்று கேட்கலாம். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 81-ஆவது பிரிவு அந்த உரிமையை அளிக்கிறது. இரு தரப்பாரும் பார்த்து, சேதம் எழுத்தில் பதிவாகிறது. சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் நோட்டீஸ் கொடுத்து நஷ்ட ஈடு கேட்கலாம். ரயில்வே மறுத்தால் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் அமர்வு ஒன்று செகந்திராபாத்திலேயே இருக்கிறது. மதிப்பை முன்கூட்டி அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டாதவருக்கு ஈட்டுத் தொகை ஒரு வரம்புக்கு மேல் கிடைக்காது என்பது உண்மை. எல்லோருக்கும் முழுத் தொகை வந்துவிடுகிறது என்றும் சொல்வதற்கில்லை. ஆனாலும் கேட்பதற்கு ஒரு வழியும், கேட்கும் கையில் ஒரு காகிதமும் உண்டு.

ஆயிரம் மைல் பயணம் செய்த வண்டிக்கு உள்ள இந்த ஆதாரம், வீட்டு வாசலில் நின்ற வண்டிக்கு இல்லை. விந்தை இதுதான்.

இடித்தவரின் கடமை

தெருவில் நின்ற வண்டியை இடித்துவிட்டுப் போவது வெறும் ஒழுக்கக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அது சட்டப்படியும் குற்றம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 132-ஆவது பிரிவு, சேதம் அடைந்தவர் கேட்டால் ஓட்டியவர் தம் பெயர், விலாசத்தையும் வண்டிச் சொந்தக்காரரின் பெயர், விலாசத்தையும் தர வேண்டும் என்கிறது. 134-ஆவது பிரிவு இன்னும் தெளிவானது. ஆளுக்குக் காயம் என்றாலும், பிறர் பொருளுக்குச் சேதம் என்றாலும், அருகில் போலீஸ்காரர் இல்லையெனில் 24 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் நடந்ததைத் தெரிவிக்க வேண்டும். தம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். தவறினால் 187-ஆவது பிரிவின்படி தண்டனை உண்டு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அது 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

லைசென்ஸ் எடுக்கும்போது இந்தப் பிரிவுகளைப் படித்தவர் எத்தனை பேர்? எட்டுப் போட்டுக் காட்டத் தெரிந்தால் போதும் என்று பயிற்சிப் பள்ளிகள் அனுப்பிவிடுகின்றன. இடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது பாடத்தில் ஒரு வரியாகக்கூட மனதில் பதிவதில்லை.

இடித்தவர் அஞ்சுவதற்கும் காரணம் உண்டு. நின்று மன்னிப்புக் கேட்டால் பத்துப் பேர் கூடிவிடுவார்கள், கை நீட்டுவார்கள், ஐநூறு ரூபாய் சேதத்துக்கு ஐயாயிரம் கேட்பார்கள் என்று எண்ணுகிறார். அந்த அச்சம் முழுவதும் பொய் என்றும் சொல்ல முடியாது. அதற்கும் மருந்து காகிதமே. இரவு நேரமானால் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு சீட்டை வண்டியின் சீட்டுக்கு அடியில் செருகிவிட்டுப் போகலாம். மறுநாள் பகல் வெளிச்சத்தில், மெக்கானிக் முன்னிலையில் பேசிக்கொண்டால் தகராறு பாதியாகக் குறையும். தவிர, இடித்தவரின் கட்டாய இன்ஷூரன்ஸ், பிறர் சொத்துக்கு நேரும் சேதத்தையும் உள்ளடக்கியதே. ஆட்களுக்கான காயத்துக்கு மட்டுமே அது என்ற எண்ணம் தவறு. பணம் இருந்தும் கொடுக்க வழி தெரியாமல் ஓடுகிறவர்களே பலர்.

போலீஸ் நிலையத்தில்

வண்டிக்காரர் போலீஸ் நிலையத்துக்குப் போனால் முதலில் கேட்கப்படும் கேள்வி, 'யார் மேல் சந்தேகம்?' என்பது. தெரியாது என்றால், 'தெருவில் ஏன் நிறுத்தினாய்?' என்பது அடுத்தது. மூன்றாவது கேள்வி வருவதற்குள் அவருக்கு ஆபீஸ் நேரம் ஆகிவிடும். தெலுங்கில் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத நம்மவர்களுக்குக் கூச்சமும் சேர்ந்துகொள்கிறது.

போலீஸார் தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. கொலை, கொள்ளை, ஊர்வலப் பந்தோபஸ்து என்று அலையும் நிலையத்துக்கு ஓர் உடைந்த விளக்கு பெரிதாகத் தோன்றாது. சட்டமும் அவர்களுக்கு முழு அதிகாரம் தரவில்லை. வேண்டுமென்று செய்த நாசவேலை பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 427-ஆவது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையில் அது 324-ஆவது பிரிவில் வருகிறது. சிறு நஷ்டமானால், மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் போலீஸார் தாமாக விசாரணை நடத்த முடியாத வகையைச் சேர்ந்தது அது. கவனக்குறைவாக உரசிப் போவது 'நாசவேலை' என்ற சொல்லுக்குள்ளேயே அடங்காது. அதற்கு எண்ணமோ அறிவோ இருந்திருக்க வேண்டும். தீ வைத்துக் கொளுத்தினால் மட்டும் கதை வேறு. 7 ஆண்டு வரை தண்டனைக்குரிய பெரிய குற்றம் அது.

ஆனால், விசாரிக்க முடியாது என்பது வேறு. எழுதிக்கொள்ள முடியாது என்பது வேறு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 174-ஆவது பிரிவு, இவ்வகைப் புகாரின் சாராம்சத்தைப் புத்தகத்தில் பதிந்து, புகார் கொடுத்தவரை மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்ல வேண்டும் என்கிறது. அத்துடன் இவ்வாறு பதிந்தவற்றை இரு வாரத்துக்கு ஒரு முறை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொல்கிறது. பெரிய குற்றமானால் வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதிக்கொண்டு, படித்துக் காட்டி, பிரதியை இலவசமாகத் தர வேண்டும் என்பது 173-ஆவது பிரிவு. ஆகவே, 'எழுதிக்கொள்ள மாட்டோம், போ' என்று திருப்பி அனுப்புவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

போலீஸ் கமிஷனர்களை வேண்டிக்கொள்வது பெரிய காரியம் அல்ல. நின்றிருந்த வண்டிக்குச் சேதம் என்று வருபவருக்கு, நாள், இடம், வண்டி எண், சேத விவரம் கண்ட, முத்திரை இட்ட ஓர் ஒப்புகைச் சீட்டு தரப்பட வேண்டும். துப்புத் துலக்குகிறார்களோ இல்லையோ, அந்தச் சீட்டு ஒன்றே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வாசலைத் திறக்கும். ஒரே சந்தில் ஒரே மாதத்தில் ஐந்து சீட்டு எழுதப்பட்டால், அங்கே யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்பதும் நிலையத்துக்குத் தெரியவரும்.

எல்லாவற்றையும் பார்க்கும் கண்

இந்த நகரத்தில் காமிராக்களுக்குப் பஞ்சம் இல்லை. 2013-ஆம் ஆண்டின் பொதுப் பாதுகாப்புச் சட்டம், மக்கள் பெருமளவில் கூடும் கடைகளும் நிறுவனங்களும் காமிரா வைக்க வேண்டும், பதிவை 30 நாள் பாதுகாக்க வேண்டும் என்று சொல்கிறது. பஞ்சாரா ஹில்ஸில் 2022 ஆகஸ்டு 4-ஆம் தேதி திறக்கப்பட்ட போலீஸ் கட்டுப்பாட்டு மையம், நகரத்துக் காமிராக்களை ஒரே கூரையின் கீழ் பார்க்க வல்லது என்று பெருமையுடன் அறிவிக்கப்பட்டது. ஹெல்மெட் இல்லாமல் போனவரின் படம் அபராதச் சீட்டுடன் வீடு தேடி வருகிறது. அப்படிச் சேர்ந்த பாக்கி எவ்வளவு பெருகியது என்றால், 2022 மார்ச்சில் இருசக்கர வண்டிகளுக்கு 75 சதவிகிதமும், 2023 டிசம்பரில் 80 சதவிகிதமும் தள்ளுபடி அளித்து வசூலிக்க வேண்டியிருந்தது.

அபராதம் விதிப்பது தவறு என்பதல்ல வாதம். ஹெல்மெட் உயிரைக் காப்பது. ஆனால் வண்டிக்காரன் செய்த தவற்றைக் கண்ட அதே கண், அவனுக்கு இழைக்கப்பட்ட தவற்றைக் காண மறுப்பது நியாயமாகுமா? கடைக்காரரிடம் போய்ப் பதிவைக் காட்டச் சொன்னால் 'போலீஸ் சொன்னால்தான் காட்டுவோம்' என்கிறார். போலீஸிடம் போனால் 'எண் தெரிந்தால் சொல்லு' என்கிறார்கள். இருவருக்கும் இடையே 30 நாளும் ஓடிவிடுகிறது, பதிவும் அழிந்துவிடுகிறது. ஒப்புகைச் சீட்டைக் காட்டினால் கடைக்காரர் பதிவைப் பாதுகாத்து வைக்கவேண்டும், போலீஸ்காரர் ஒருவர் வந்து பார்க்கவேண்டும் என்று ஓர் எளிய ஏற்பாடு செய்தால், செலவும் இல்லை. நம்பிக்கையோ நிறையக் கிடைக்கும்.

ஐந்து ஆண்டு இன்ஷூரன்ஸ் என்ற மயக்கம்

அடுத்தது இன்ஷூரன்ஸ். இங்கேதான் நம்மவர்கள் அதிகம் ஏமாந்து போகிறார்கள். ஏமாற்றப்படுவதைவிடத் தாமே ஏமாறுவது அதிகம்.

சுப்ரீம் கோர்ட் உத்தரவின் பேரில் 2018 செப்டம்பர் 1 முதல், புதிய இருசக்கர வண்டிகளுக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம் ஆயிற்று. வண்டி வாங்கும்போதே பணம் பிடித்துக்கொள்கிறார்கள். வாங்கியவர், 'ஐந்து வருஷத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது' என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார். ஆனால் அந்த 5 ஆண்டு, தம் வண்டியால் பிறருக்கு நேரும் கேட்டுக்கு மட்டுமே. தம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டோடு முடிந்துவிடும். இரண்டாம் ஆண்டில் யாரோ இடித்துவிட்டுப் போனபின் பாலிசியைப் புரட்டிப் பார்க்கும்போதுதான் உண்மை தெரிகிறது. தன் சேதத்துக்கு மட்டும் தனியாக ஆண்டுதோறும் பாலிசி எடுக்கும் வசதி 2019 செப்டம்பர் 1 முதல் இருக்கிறது என்பதை விற்பவர்களும் அழுத்திச் சொல்வதில்லை.

அந்தப் பகுதியை எடுத்து வைத்திருந்தால் கிடைக்கும் பாதுகாப்பு சிறிதல்ல. வெளியிலிருந்து நேரும் விபத்து, தீ, திருட்டு, கலவரம், பிறர் வேண்டுமென்று செய்யும் கேடு, புயல், வெள்ளம் ஆகிய எல்லாம் அதில் அடக்கம். சித்திரை, வைகாசிச் சூறைக்காற்றில் மரக்கிளை முறிந்து விழுந்தாலும் கேட்கலாம். பகை கொண்டவன் பிளேடால் சீட்டைக் கிழித்தாலும் கேட்கலாம். கழிவுகளும் உண்டு. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பாட்டரிக்கும் பாதி மதிப்பே தருவார்கள். 100 ரூபாய் கட்டாயமாகக் கழிக்கப்படும். கோரிக்கையே இல்லாமல் ஓராண்டு கழிந்தால் பிரீமியத்தில் 20 சதவிகிதமும், தொடர்ந்து ஐந்து ஆண்டு கழிந்தால் 50 சதவிகிதமும் சலுகை கிடைக்கும். ஒரு முறை பணம் கேட்டால் அந்தச் சலுகை போய்விடும். ஆகவே கண்ணாடி ஒன்று உடைந்ததற்குக் கோரிக்கை அனுப்புவது கணக்குக்கு ஒத்து வராது; டாங்கியும் போர்க்கும் நசுங்கினால் தயங்காமல் கேட்க வேண்டும்.

கேட்பதிலும் முறை உண்டு. வண்டியை நிமிர்த்துவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பெனிக்கு அன்றே தெரிவிக்க வேண்டும். சர்வேயர் பார்க்கும்முன் பழுது பார்த்துவிட்டால் பின்னால் வாதாடிப் பயனில்லை. தமிழ்நாட்டில் எடுத்த பாலிசி இங்கே செல்லாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது நாடு முழுவதும் செல்லும். விலாசம் மாறியதை மட்டும் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்துவிடுவது நல்லது. 12 மாதத்துக்கு மேல் வண்டியை இந்த மாநிலத்தில் வைத்திருப்பவர்கள் இங்கே பதிவு மாற்ற வேண்டும் என்ற விதியும் நினைவில் இருக்கட்டும்.

கம்பெனி மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தொலைபேசியில் சொன்ன மறுப்பு மறுப்பே அல்ல. முதலில் கம்பெனியிடமே முறையீடு செய்து, ஒரு மாதத்தில் திருப்தியான பதில் இல்லையென்றால் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம். மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். அந்த அலுவலகம் ஒன்று ஹைதராபாத்திலேயே இருக்கிறது. நாட்டின் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைமையகமும் இதே நகரில்தான். விளக்கு நம் வீட்டில் எரியும்போது இருட்டில் தடவுவானேன்?

வெள்ளம் கற்பித்த பாடம்

தெருவில் நின்ற வண்டிகளின் கதி என்ன ஆகும் என்பதை இந்நகரம் ஒரே இரவில் கண்டது 2020 அக்டோபர் 13-ஆம் தேதி. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் நகரில் 19 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அக்டோபர் மாதத்தில் அதற்குமுன் இவ்வளவு பெய்ததில்லை. நகருக்கு வெளியே கட்கேசர் பக்கம் 32 சென்டிமீட்டர். டோலிசவுக்கியின் நதீம் காலனி, சாதர்காட், சாந்திராயன்குட்டாப் பக்கத்துக் காலனிகள் ஆகியவற்றில் மோட்டார் சைக்கிள்களும், ஆட்டோக்களும், கார்களும் துரும்பு போல் மிதந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. உயிரிழந்த குடும்பங்களின் துயரத்துக்கு முன் வண்டி எம்மாத்திரம் என்பது மெய்தான். ஆனால் தண்ணீர் வடிந்தபின், வேலைக்குப் போக வண்டி இல்லாமல் நின்றவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

அன்றைய மாநில அரசு வெள்ளம் புகுந்த வீடு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாயும், ஓரளவு இடிந்த வீட்டுக்கு 50,000 ரூபாயும், முழுதும் இடிந்த வீட்டுக்கு 1 லட்சம் ரூபாயும் அறிவித்தது. அந்த அறிவிப்பு வீட்டைக் கணக்கில் எடுத்தது. வீட்டுக்கு வெளியே நின்ற வண்டியை எடுக்கவில்லை. வண்டிக்கென்று தனியே இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தவர்களே கேட்க முடிந்தது. வெறும் மூன்றாம் நபர் பாலிசி வைத்திருந்தவர்களுக்கு வழியே இல்லை.

இன்னொரு பாடமும் உண்டு. தண்ணீரில் மூழ்கிய வண்டியை உடனே உதைத்து ஸ்டார்ட் செய்யக் கூடாது. என்ஜினுக்குள் புகுந்த நீர் அழுத்தம் பெற்று உட்பாகங்களை வளைத்துவிடும். அந்தச் சேதம் வெள்ளத்தால் அல்ல, உங்கள் செயலால் வந்தது என்று கம்பெனி கைவிரிக்க அது போதும். வண்டியைத் தள்ளிக்கொண்டோ, வேறு வண்டியில் ஏற்றியோ பட்டறைக்குக் கொண்டுபோவதே முறை.

நிறுத்த இடம் எங்கே?

தெருவில் ஏன் நிறுத்துகிறாய் என்று கேட்பவர்கள், எங்கே நிறுத்துவது என்றும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு, வண்டிகள் நிற்கும் இடங்களை நிர்ணயிக்கும் அதிகாரத்தை அரசுக்கும் அது நியமிக்கும் அதிகாரிகளுக்கும் அளிக்கிறது. கோட்டி, சுல்தான் பஜார், ஜெனரல் பஜார், அமீர்பேட்டை போன்ற இடங்களில் பெயருக்குச் சில கோடுகள் போட்டிருக்கிறார்கள். குடியிருப்புச் சந்துகளில் அதுவும் இல்லை. வெள்ளைக் கோடு ஒன்று போட்டு, வளைவுகளில் நிறுத்தாமல் தடுத்தாலே லாரி உரசும் சேதம் பெருமளவு குறையும். போனாலுப் பண்டிகை, கணேசர் ஊர்வலம் போன்ற நாட்களில் எந்தத் தெருவழியே பெரிய லாரிகள் போகும் என்று முன்கூட்டி அறிவித்தால், வண்டிக்காரர்கள் முந்தின நாளே அப்புறப்படுத்திக்கொள்வார்கள்.

காசு வாங்கிக்கொண்டு நிறுத்த இடம் தருபவர்களும், 'சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று பலகை மாட்டிவிடுகிறார்கள். அந்தப் பலகை வேதவாக்கு அல்ல. தில்லியில் ஒரு பெரிய ஹோட்டலின் சிப்பந்தியிடம் 1998-இல் சாவி கொடுத்து ஒப்படைத்த கார் திருட்டுப் போன வழக்கில், 2019 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சீட்டில் 'சொந்தக்காரர் பொறுப்பு' என்று அச்சிட்டிருந்தாலும், தன் காவலில் ஏற்ற வண்டியைக் கவனமின்றி விட்டதற்கு ஹோட்டல் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்றது. ஒவ்வொரு நிறுத்தக் கொட்டகைக்கும் இது அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. சாவியை ஒப்படைப்பது வேறு, நாமே பூட்டிக்கொண்டு போவது வேறு. ஆயினும் டோக்கனைக் கிழித்தெறியாமல் வைத்திருப்பவருக்கே கேட்கும் உரிமை. இங்கேயும் ஒரு துண்டுச் சீட்டுத்தான் பேசுகிறது.

நம் பங்கு

பிறரைக் குறைகூறி முடித்துவிட்டால் போதாது. எதிர்வீட்டுக் கேட்டை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போகிறவர்கள் நம்மிலும் உண்டு. ஆம்புலன்ஸ் திரும்ப முடியாத வளைவில் நிறுத்திவிட்டு, காலையில் கீறலைப் பார்த்துச் சாபமிடுபவர்களும் உண்டு. அவசரத்துக்கு வண்டியை எடுத்து நகர்த்தும் பக்கத்து வீட்டுக்காரர் கை தவறிக் கீழே போட்டால், பத்தாண்டுச் சிநேகம் ஒரு நிமிஷத்தில் முறிகிறது. தகராறு முற்றி, டயரில் காற்றை இறக்குவதும், ஆணி வைப்பதும் வரை போவது படித்தவர்கள் வாழும் காலனிகளிலும் நடக்கிறது. பிழைக்க வந்த ஊரில் அக்கம்பக்கம்தான் உற்றார் உறவு. ஒரு லீவருக்காக அந்த உறவை ஒடித்துக்கொள்வது புத்திசாலித்தனம் ஆகாது. 'கை தவறி விழுந்துவிட்டது, செலவை நான் ஏற்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், 'பரவாயில்லை, பாதிப் பாதி' என்று மற்றவர் சொல்லும் நாகரிகம் எந்தச் சட்டத்தாலும் வராது. நாமேதான் வளர்க்க வேண்டும்.

தெருவில் உள்ள பத்து வீட்டார் கூடிப் பேசினால் ஆகக்கூடியவை பல. ஒரே பக்கமாக வரிசையில் நிறுத்துவது, வளைவைக் காலியாக விடுவது, ஒரு பொது விளக்கு போடுவது, ஒரு காமிராவுக்குப் பணம் பகிர்ந்துகொள்வது, தண்ணீர் லாரி வரும் நேரத்தை எல்லோருக்கும் தெரிவிப்பது ஆகிய இவற்றில் எதற்கும் மந்திரியின் உத்தரவு தேவை இல்லை.

அதிகாரிகள் செய்ய வேண்டியதும் மலையளவு அல்ல. போலீஸ் நிலையம் ஓர் ஒப்புகைச் சீட்டுக் கொடுக்கட்டும். காமிராப் பதிவு அழிவதற்குள் யாராவது ஒருவர் பார்க்கட்டும். வண்டி விற்பவர், எந்தப் பாதுகாப்பு எந்தத் தேதியில் முடிகிறது என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கட்டும். மாநகராட்சி குடியிருப்புச் சந்துகளில் கோடு போடட்டும். லைசென்ஸ் தேர்வில், 'நின்ற வண்டியை இடித்தால் என்ன செய்வாய்?' என்ற கேள்வி கட்டாயம் இடம் பெறட்டும்.

பெரிய குற்றங்களைப் பிடிப்பதைக் கொண்டு ஒரு நகரத்தின் நிர்வாகத்தை மெச்சுவது வழக்கம். ஆனால் சாமானிய மனிதன் அரசைச் சந்திப்பது பெரிய குற்றங்களில் அல்ல. உடைந்த விளக்குடன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிலையத்து வாசலில் நிற்கும் அந்தக் காலை வேளையில்தான். 'உட்காருங்கள், எழுதிக்கொள்கிறோம்' என்ற சொல் அவன் காதில் விழுமானால், பாதி நஷ்டம் அப்போதே ஈடாகிவிடும். மீதிப் பாதிக்கு அந்தச் சீட்டு வழி காட்டும். ஆவன செய்வார்களாக.